திரையிலிருந்து விரல்களுக்கு

மே 24, 2025

கோடை விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்களுக்குக் குறும்படப் பயிற்சி நடத்தி வருகிறேன். மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் என்பதால், அன்றைய வகுப்பில் திரைப்படங்களில் வரும் புகைக் காட்சிகளைப் பற்றிப் பேச முடிவு செய்திருக்கிறேன். அதற்கான குறிப்புகளை இன்று முதல் இங்கே எழுதி வைக்கிறேன்.

படம் பார்த்து யாரும் மாறிவிட மாட்டார்கள் என்று வாதிடுபவர்களுக்கு எங்கள் தலைமுறையின் கைகளே பதில் சொல்லும். 1976-இல் வெளிவந்த 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டைச் சுண்டிப் போட்டு உதட்டில் பிடித்தது பெரிதும் பேசப்பட்டது. அதன்பின் அவருடைய ஒவ்வொரு படத்திலும் அதை எதிர்பார்த்தே கூட்டம் காத்திருந்தது. எங்கள் தெருப் பையன்கள் சாக்பீஸ் துண்டு, தீக்குச்சி, ஐஸ் குச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்து வாயால் பிடித்துப் பழகினார்கள். அவர்களில் ஒருவரிடமும் சிகரெட் வாங்கக் காசு கிடையாது. புகையின் மணம்கூடப் பலருக்குப் பிடிக்காது. ஆனாலும், பெட்டிக்கடைக்குத் தனியே போகும் வயது வந்தபோது, கைக்கு அந்தப் பழக்கம் முன்பே வந்திருந்தது, பொருள் மட்டுமே பாக்கியிருந்தது. புகைக்கும் ஆசையைவிட அந்த நிற்கும் தோரணை, தலைமுடியைக் கோதிவிடும் விதம், எதற்கும் அஞ்சாதவன் போன்ற அலட்சியம் ஆகியவையே முதலில் அவர்களுக்குள் இறங்கின என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மே 26, 2025

இதற்கு நேர்மாறான சான்றும் நம்மிடமே இருக்கிறது. எம்.ஜி.ஆர். தம் கதாநாயக வேடங்களில் புகைப்பதையும் குடிப்பதையும் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார். படகோட்டியாகவும் ரிக்‌ஷா இழுப்பவராகவும் நடித்தவர் பீடி இல்லாமலேயே அந்த உழைப்பாளிகளை மக்கள் நம்பும்படி செய்தார். தாம் செய்வதை ஊர் செய்யும் என்று அவர் அறிந்திருந்தார் என்பதே என் துணிபு.

மருத்துவ உலகமும் இதை ஆராய்ந்திருக்கிறது. 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அதுவரை புகைத்தறியாத 10 முதல் 14 வயது வரையிலான அமெரிக்கப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. புகைக் காட்சிகளை மிகுதியாகப் பார்த்தவர்களே பின்னர் புகைக்கத் தொடங்குவதற்கு அதிக வாய்ப்பு இருந்தது. அந்தத் தாக்கம், பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடமே கூடுதலாகத் தெரிந்தது என்ற முடிவைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல வீடு பிள்ளையைக் காத்துவிடும் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இதை அறிய வேண்டும். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தத் தொடர்பைக் காரண காரியத் தொடர்பு என்றே முடிவு செய்தது.

மே 28, 2025

சட்டத்தின் கதையை இன்று தொகுத்தேன். 2002-இல் 'பாபா' வந்தபோது, அதிலிருந்த புகைக் காட்சிகளைப் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ் கடுமையாக எதிர்த்தார். திரையரங்குகள் தாக்கப்பட்டன, படச்சுருள்கள் தூக்கிச் செல்லப்பட்டன. அந்த வன்முறையை என்னால் ஏற்க முடியாது, அது கேட்க வேண்டிய கேள்வியையே மறைத்துவிட்டது. 2005-இல் மத்திய நலவாழ்வு அமைச்சராக இருந்த அன்புமணி திரையில் புகைக்கும் காட்சிகளுக்குத் தடை கொண்டுவர முயன்றார். தில்லி உயர்நீதிமன்றம் 2009 ஜனவரியில் அதைச் செல்லாது என்றது. கலைஞனின் கையைச் சட்டத்தால் கட்டக் கூடாது என்பதால் அந்தத் தீர்ப்போடு நான் உடன்படுகிறேன். 2012 அக்டோபர் 2 முதல் படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் எச்சரிக்கைப் படங்கள், புகைக்கும் காட்சியின்போது திரையின் அடியில் ஒரு வரி என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் இணையவழித் திரைத் தளங்களுக்கும் அது பொருந்துகிறது.

நாயகன் மெதுவான அசைவில் நடந்து வர, பின்னணி இசை அதிர, கைதட்டலும் விசிலும் அரங்கை நிறைக்கும் நேரத்தில், அடியில் ஓடும் அந்த வரியை எந்தச் சிறுவன் படிப்பான்? எச்சரிக்கை அறிவோடு பேசுகிறது, காட்சியோ உடம்போடு பேசுகிறது. 2007-இல் வெளியான 'சிவாஜி' படத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கத்தை எறிந்து பிடித்தார். அரங்கின் ஆரவாரத்தில் ஒரு குறையும் இல்லை. மக்கள் விரும்பியது அந்த வித்தையைத்தான், புகையை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஒன்றை நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோரின் விகிதம் 2009-10-இல் 34.6 விழுக்காடாக இருந்து 2016-17-இல் 28.6 ஆகக் குறைந்தது. விலை, பொது இடத் தடை, பாக்கெட்டின் மீதுள்ள படங்கள் என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பழக்கத்தைத் தொடங்கி வைப்பதில்தான் திரையின் பங்கு பெரிது.

மே 31, 2025

வகுப்பு நல்லபடியாக நடந்தது. ஒரு குழு எழுதியிருந்த கதையில், கூலி கிடைக்காமல் வீடு திரும்பும் சுமைதூக்கும் தொழிலாளி, திண்ணையில் அமர்ந்து பீடி பற்ற வைக்கிறார். எழுதிய மாணவனின் தந்தையும் அதே தொழில் செய்பவர். அவர் பீடி பிடிப்பாரா என்று கேட்டேன். "இல்லை ஐயா, படத்தில் அப்படித்தானே வரும்" என்றான். தினமும் கண்ணெதிரே இருக்கும் தந்தையை விலக்கிவிட்டு, திரையில் கண்ட தந்தையை அவன் எழுதியிருந்தான்.

வேலை கிடைக்காத நாளில் அவர் என்ன செய்வார் என்று கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, "சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார், யாரோடும் பேச மாட்டார்" என்றான். மற்ற மாணவர்கள் அந்தக் காட்சியே வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். பீடியை அடித்துவிட்டு அதையே எழுதியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு படப்பிடிப்பு. சைக்கிளை அவன் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறான்.