சாளைக்கு என்ன விலை?

ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக வந்த முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். புத்தகத்தில் பலாப்பழப் படம். "இது என்ன மக்களே?" என்றேன். வகுப்பே "சக்கை!" என்று கத்தியது. "சக்கை இல்ல, பலா" என்றேன். அடுத்த படத்துக்குப் பாதிப் பேர்தான் வாய் திறந்தார்கள். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த கன்னியாகுமரி மண் இது. சக்கையும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) அயலையும் (கானாங்கெளுத்தி மீன்) இங்கே வீட்டுச் சொற்கள். என் வீட்டிலும் சக்கைதான். அதைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழையப் பழகியிருந்தேன்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்கள் பள்ளி. அங்கே நான் போட்ட முதல் நாடகம் ஆண்டுவிழாவுக்கு. முயல், ஆமை, அட்டை முகமூடி, மனப்பாட வசனம். ஏற்கெனவே நன்றாக வாசிக்கும் ஐந்து பேர் பேசினார்கள். மீதிப் பேர் கையில் வேப்பங்கொத்தோடு மரமாக நின்றார்கள். பெற்றோர் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். மரங்கள் என்ன கற்றன என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அப்புறம் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் நாகர்கோவில் பக்கம் கோயில் கொடைகளில் பார்த்திருக்கிறேன். ராமர் பேசும்போது கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்தால்தான் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர்கள் பேசுவது எங்கள் தெருப்பேச்சு. அதையே வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் டார்ச் லைட், கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய உருவங்கள், பிடிக்க ஈர்க்குச்சி. செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. வகுப்பில் பெயரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிகிற இரண்டு பெண்பிள்ளைகள் அங்கே நண்டும் பூனையுமாகி அப்படிச் சண்டை போட்டார்கள். நான் வசனம் எதுவும் கொடுக்கவில்லை.

ஒருவன் மட்டும் திரைக்குப் பின்னாலும் பேசவில்லை. ஜூனில் சேர்ந்தவன், ஒன்றரை மாதமாக ஒரு சொல் இல்லை. ஏழு கல்லை எண்ணி வை என்றால் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பான். ஜூலை நடுவில் ஒருநாள் 'ஏலம்' விளையாடினோம். கலர் பேப்பரில் சாளை (மத்தி), அயலை என்று மீன்கள், பனையோலைக் கூடை, ரூபாய்க்குப் புளியங்கொட்டை. ஏலம் விட வந்த பிள்ளை தடுமாறியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐந்நூறு... ஐந்நூத்தம்பது... அறுநூறு... ஒருதரம், ரெண்டுதரம்..." அவன்தான். ஆயிரம் வரை நிற்காமல் போனான். ஏழு தெரியாது என்று நான் குறித்து வைத்திருந்த பிள்ளை ஐம்பது ஐம்பதாக ஏறுகிறது!

ஒரு கொட்டை பத்து ரூபாய் என்று வைத்திருந்தேன். எழுநூறுக்கு எழுபது கொட்டை எண்ணுவதற்குள் மணி அடித்துவிடும். "ஒரு கொட்ட அம்பதுன்னு வையுங்க டீச்சர்" என்றான். வைத்தோம். பதினாலு கொட்டையில் கணக்கு முடிந்தது.

அந்த மாதங்களில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை, அப்பாமார் பலர் வீட்டில் இருப்பார்கள். மகனைக் கூப்பிட வந்த ஒருவர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "சாளையும் அயலையும் கலந்து ஏலம் விட மாட்டாவ டீச்சர், தனித்தனியாத்தான்" என்றார். மறுநாள் மீன்களை இனம் பிரிப்பதே பாடமானது. வகைப்படுத்தலுக்கு வேறு அட்டை தேவைப்படவில்லை.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது பாட்டும் பொம்மையும் நடிப்பும் வகுப்புக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். நல்ல ஏற்பாடுதான், பதிவேற்றும் வேலை மட்டும் கொஞ்சம் குறைந்தால். பார்வைக்கு வந்த ஒருவர் "சத்தம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் ஜாஸ்திதான். ஏலம் பின்னே எப்படி இருக்கும்?

ஏலம் எடுத்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தேன். எழுத்துக்காகத்தான். அவன் முதலில் வெறும் கோடு கிழித்தான். பிறகு எண் வந்தது. செப்டம்பரில் ஒருநாள் 'சாள 600' என்று எழுதி நீட்டினான். சிவப்பு மை பேனா கையில் இருந்தது. சக்கை நினைவு வந்தது. பேனாவை மூடிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த மீன்களுக்குக் கீழே பெயர்களைப் பெரிதாக எழுதி வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்துச் சீட்டும் கையுமாக வந்தான். "டீச்சர், செவத்துல 'ள'வுக்கு முன்னால என்னமோ போட்டிருக்கே, என்னது?"

"அதுக்குப் பேரு இணைக்கொம்பு."

"சாளைக்குக் கொம்பு உண்டா?" என்று சிரித்தான். சீட்டில் கொம்பைப் போட்டுக்கொண்டு ஓடினான்.