இரண்டாவது கோடை

திட்ட நிறைவு நாளை நீட்டிக்கக் கோரி நான் முன்பு பணியாற்றிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கோப்பில், பாதுகாப்பு அமைச்சக அதிகாரியாக நான் எழுதிய குறிப்பில் பிழை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அதை மனத்துக்குள் வரிவரியாகப் படித்துப் பார்க்கிறேன். மாற்ற வேண்டிய சொல் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பு என்னை விட்டபாடில்லை.

ஆய்வுக் கூட்டம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும் திட்ட இயக்குநர் பையிலிருந்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓர் ஆயில் சீலை எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றவர். எண்ணெயும் வாயுவும் கொண்டு குலுக்கலைத் தாங்கும், கவச வாகனத்தின் ஹைட்ரோ-நியூமேட்டிக் சஸ்பென்ஷனில் இருந்து கழற்றியது அது. உதட்டுப் பகுதியில் நகத்தால் தடவினால் மட்டுமே தெரியும் ஒரு கீறல். ராஜஸ்தானில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது, உள்ளே எண்ணெய் அதைவிட மிக அதிகமாகச் சூடேறி, ரப்பர் இறுகி, கசிவு தொடங்குகிறது. புதிய கலவையில் சீல் மே மாதத்துக்குள் கைக்கு வந்தால் இந்த ஆண்டே கோடைச் சோதனை. சில வாரம் பிந்தினாலும் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். வெயிலை யாரும் செப்டம்பரில் வரவழைக்க முடியாது. ஆகவே அவரிடம் இருந்தவை இரண்டு தேதிகள். கோப்புக்கோ ஒரே ஒரு தேதிதான் வேண்டும்.

"நீங்க எங்க இடத்துல இருந்தா எந்தத் தேதியப் போடுவீங்க, சார்?" என்றார்.

"நான் இப்போ அந்த இடத்துல இல்லையே" என்றேன்.

அந்தப் பதிலில் தவறில்லை என்றுதான் இன்றும் வாதிடுவேன். பழைய பாசத்தில் முன்னாள் சகாக்களுக்குத் தேதி சொல்லிக்கொடுத்து, பிறகு அதே தேதியை நானே பரிசீலிப்பது எந்த வகையில் முறை? நம் துறையில் இது என் ஒருவனுடைய சங்கடமும் அல்ல. வி.எஸ். அருணாசலம், அப்துல் கலாம் காலந்தொட்டு, பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களின் (டி.ஆர்.டி.ஓ.) தலைவரே துறைச் செயலாளராகவும் அமைச்சருக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்து வந்தார். 2015இல்தான் ஆலோசகர் பொறுப்பைத் தனியே பிரித்தார்கள். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவராகவே இருப்பதில் உள்ள சிக்கலை மேலிடமும் உணர்ந்திருந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன். (வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொள்கிறேன்.)

ஆனால் அந்த இயக்குநர் என்னிடம் சலுகை கேட்டாரா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. தேதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அறிந்த ஒருவரிடம் அவர் பேசினார், அவ்வளவுதான். உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸுக்கென்று வகுத்த காவேரி என்ஜின் திட்டத்துக்கு 1989இல் ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு 382.81 கோடி ரூபாய், நிறைவு 1996 என்று எழுதப்பட்டது. தேஜஸ் 2001 ஜனவரியில் பறந்தது அமெரிக்க என்ஜினோடு; 2008இல் காவேரி அந்த விமானத்திலிருந்தே விலக்கப்பட்டது. 1996 என்று எழுதியவர்கள் பொய்யர்கள் அல்லர். உள்ளதைச் சொன்னால் ஒப்புதல் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் எழுதும் தேதி எப்படி இருக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படிப்பட்ட தேதிகளில் கையெழுத்திட்டவன்தான்.

இயக்குநர் அப்படி எழுத மறுத்தார். இரண்டு தேதிகளையும், எது எதைப் பொறுத்தது என்பதையும் விளக்கி எழுதிக் கொடுத்தார். "இரண்டாவது கோடைக்கு முன் முடியும் என்று ஆய்வுக்கூடம் உறுதியளிக்கவில்லை" என்று நான் குறிப்பெழுதினேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. துணிந்து ஒரு பொய்த் தேதியைப் போட்டிருந்தால் அவருடைய கோப்பு சுலபமாக நகர்ந்திருக்கும் என்பதும் உண்மை. நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொன்னால், தண்டித்தவன் நான் என்றாகிறது. அதை நான் ஏற்கவில்லை. படையினருக்கு வண்டி வேண்டும், அவர்கள் எத்தனை கோடைகள் காத்திருப்பார்கள்?

நீட்டிப்பு கிடைத்தது, கூடவே, மாற்று ஏற்பாடாக வெளிநாட்டு சஸ்பென்ஷனையும் தருவித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. உள்நாட்டு சஸ்பென்ஷன் இரண்டாவது கோடையில் தேறியது. என் கணிப்பு சரி என்று அதை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது: புதிய சீல் முதல் கோடைக்கே, மே மாதத் தொடக்கத்தில், தயாராகிவிட்டது. பொருத்திப் பார்க்க வண்டி இல்லை. இருந்த ஒரே சோதனை வண்டி வெளிநாட்டு சஸ்பென்ஷனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீட்டு ஆணையில் என் கையெழுத்து கிடையாது. ஆனால் அது ஆதாரமாகக் காட்டியது என் குறிப்பின் பத்தி எண்ணை.

சோதனை வண்டியைத் தொடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே என்று சில நாள் தோன்றுகிறது. அது என் வரம்புக்குள் வராது, நிதி ஆலோசகர் அடித்திருப்பார் என்று வேறு சில நாள் தோன்றுகிறது. இயக்குநர் தீபாவளிக்குத் தவறாமல் தொலைபேசியில் அழைக்கிறார். அந்த வண்டியைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.