வார்த்தை வராத ஜெபம்

குழந்தைகள் வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் வருடம், ஓர் இரவுப்பணியில் கைக்குழந்தை ஒன்று இறந்துபோனது. குழந்தையைச் சுற்றியிருந்த துண்டை அதன் தாய் நான்காக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். அவரும் கிறிஸ்தவர் என்று தெரிந்ததால் அருகில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று நான் சொன்னதும் அவர் தம் கையை மெல்ல உருவிக்கொண்டார். "போதும் சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கை விலகியதன் பொருள் எனக்கு விளங்கச் சில வருடங்கள் ஆயின. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் வேதாகமத்தில் வரும் யோபு; பிள்ளைகளை இழந்தவர் தம் வாயால் தாமே சொன்னது அது. அவரைப் பார்க்க வந்த சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வேதம் சொல்கிறது; அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம். துக்கத்தில் இருப்பவரே சொல்லவேண்டியதை அவருக்கு முந்திக்கொண்டு நான் சொல்லிவிட்டேன்.

என் தகப்பனார் இறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, சலவைத் துணிகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிறு வயதிலிருந்து சரளமாக ஜெபித்துப் பழகிய எனக்கு "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழவில்லை. நெற்றி பட்ட படுக்கை விரிப்பின் கஞ்சி மொடமொடப்பு மட்டும் நினைவிருக்கிறது. அப்போதுதான் வேதத்தில் வரும், பிள்ளையில்லாமல் ஏங்கி ஜெபித்த அன்னாளை நினைத்துக்கொண்டேன். ஆலயத்தில் அவள் உதடுகள் அசைந்தன, சத்தமோ கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவளோ, தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். ஊற்றுவதற்கு வரிசையும் ஒழுங்கும் வேண்டியதில்லை. நமக்கு ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை, அதுவரை மனப்பாட வசனமாகவே அறிந்திருந்தேன்.

அதன்பின் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களாகிய சங்கீதங்களை வேறுவிதமாகப் படிக்கத் தொடங்கினேன். 150 சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை இருக்கின்றன என்பதைச் சபைகளில் நாம் அதிகம் பேசுவதில்லை, ஸ்தோத்திரத்துக்கு விரைந்துவிடுகிறோம். 88ஆம் சங்கீதமோ எந்த விடியலையும் காட்டாமல், சிநேகிதரும் விலகிப்போன துயரத்தோடே முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அது ஜெபமாகவே வேதத்தில் நிற்கிறது. சிலுவையில் இயேசு தேவனை நோக்கி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக்கொண்டுதான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமின்றி, உயிரோடிருக்க மனமில்லை என்று ஒருவர் சொன்னால், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிக்கிறேன். அது விசுவாசக் குறைவல்ல. சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிக்கொண்ட எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் போதிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான்.

இப்போதெல்லாம் "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். சம்மதித்தால் பெரும்பாலும் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். முதல் இரண்டு வசனங்களிலேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அண்மையில், மகன் தீவிர சிகிச்சையில் இருந்த ஒரு தகப்பனுக்கு அதை வாசித்தேன். மூன்றாம் வசனத்துக்குப் போகுமுன் அவர் கையமர்த்தி, "அந்த 'எதுவரைக்கும்' இருக்கிற இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள் சிஸ்டர்" என்றார். வாசித்தேன். அதற்குமேல் அன்று நாங்கள் போகவில்லை.