எக்கோ பலகையும் ஓயாத கீச்சொலியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழம் ஏற்றும் என் மைத்துனரின் லாரியில் உள்ள 27 மெகாஹெர்ட்ஸ், 40 சேனல் சிபி வானொலிக்கு (ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தொலைவு வானொலி), அவருடைய நெடுநாள் ஆசைக்காகச் சென்ற வாரம் குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ஓர் எக்கோ பலகையைப் பொருத்தினேன். மைக் கம்பியை இடையில் வெட்டிப் பலகையைச் சேர்ப்பதும், அதில் குரலைத் தாமதப்படுத்தும் பிடி2399 சில்லுக்கு 7805 மின்னழுத்தச் சீராக்கி வழியாக 5 வோல்ட் கொடுப்பதும்தான் வேலை.

தொல்லை பிறகுதான் தொடங்கியது. பேசும் பொத்தானை அழுத்தியதும் குரலோடு கீச்சொலியும் கிளம்பியது. பலகையைக் குறை சொல்லுமுன், ஆன்டெனாவைக் கழற்றி அலையை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் டம்மி லோடு மாட்டிப் பார்த்தேன், கீச்சொலி அடங்கிவிட்டது. ஆகவே, அனுப்பும் அலையே நான் அவசரத்தில் போட்ட வெற்றுக் கம்பி வழியாகத் திரும்ப நுழைகிறது என்று தெளிந்து, வலையுறை கொண்ட கம்பிக்கு மாற்றி, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, பலகையின் நுழைவாயிலில் அந்த அலையை வடிக்க 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தேன். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிய முனகல், லாரியின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டருடையது. மின்கம்பியை நேரே பேட்டரிக்கு இழுத்ததும் அது பெரும்பாலும் தணிந்தது.

மைத்துனரோ எதிரொலியை முழுதாகக் கூட்டி வைக்கிறார். அவர் சொல்லும் டன் கணக்கு ஆலையில் இரண்டு முறை கேட்கிறதாம். சில்லின் ஆறாம் காலிலுள்ள ரெசிஸ்டரைக் குறைத்து, தாமதத்தைச் சுருக்கிவிட்டேன்.