செவலை சுவரை நக்கியது ஏன்?

மார்கழியில் கன்று போட்ட செவலை, மாசிக் கடைசியில் கொட்டகைச் சுவரை நக்க ஆரம்பித்தாள். காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற அளவுக்கு. ஒருநாள் கொடியில் காய்ந்த என் பாவாடையில் பாதியை மென்றுவிட்டாள். வைக்கோல் குறையவில்லை, வயிறும் பம்மென்றுதான் இருந்தது. காலைப் பால் மட்டும் ஐந்து லிட்டரிலிருந்து மூன்றரைக்கு இறங்கிவிட்டது. அத்தை "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான் கடலைப் புண்ணாக்கைக் கூட்டினேன். இரண்டுக்கும் ஒரே பலன்.

மாட்டு டாக்டர் வந்தவுடன் குனிந்து சாணியைத்தான் குச்சியால் கிளறினார். விரல் நீளத்துக்கு வைக்கோல் முழுசாகக் கிடந்தது. "வைக்கோலைச் செரிக்கிறது மாடு இல்லம்மா, அது வயித்துல இருக்குற நுண்ணுயிர். அதுக்குச் சாப்பாடு யாரு போடுறது?" என்றார். நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தானாம். அந்த நுண்ணுயிர்கள் பெருக 7 சதவீதமாவது வேண்டும். பாஸ்பரஸ் என்ற தாதுச்சத்து குறைந்தாலும் மாடு துணியையும் சுவரையும் தேடிப் போகுமாம்.

எங்கள் டெல்டாவில் கோடையில் பசும்புல்லுக்கு எங்கே போவது? அந்த நுண்ணுயிருக்குத் தீனியாக, டாக்டர் சொன்னபடி யூரியா கலந்து வைக்கோலை ஊறப் போட்டேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்க வேண்டும். "பயிருக்குப் போடுற உப்ப மாட்டுக்குப் போடுறா" என்று அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார். அவர் பயம் பொய்யில்லை. யூரியா கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் நுரை தள்ளிச் செத்துப்போகும். அதனால் கரைத்த வாளியைத் தொழுவப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோலே ஆகாது என்பதால் குட்டியை வேறு பக்கம் கட்டினேன்.

தார்ப்பாயைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்படி ஒரு நெடி. வைக்கோல் பழுப்பேறி மெத்தென்று இருந்தது. சரியாக மிதிக்காத ஒரு மூலை மட்டும் பூஞ்சை பிடித்திருந்தது. அதைக் குப்பைக் குழியில் கொட்டினேன். மிச்சத்தை ஒரு ராத்திரி ஆறப் போட்டு, சாதா வைக்கோலோடு கலந்து வைத்தால், செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாம் நாள்தான் தொட்டியைக் காலி செய்தாள். இதற்கிடையில் தவிட்டோடு தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வாரத்தில் சாணியில் முழு வைக்கோலைக் காணோம். காலைப் பால் நாலரை. பழையபடி ஐந்து வரவில்லை, பச்சை இல்லாமல் வராது என்றுதான் நினைக்கிறேன். புண்ணாக்கில் ஒரு கிலோ குறைத்துவிட்டேன். சித்திரைக் கடைசியில் பருவத்துக்கு வந்து ராத்திரி முழுக்கக் கத்தினாள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

இப்போது இரண்டாவது தார்ப்பாய் மூடியிருக்கிறது. அத்தை அதற்கு 'வைக்கோல் ஊறுகாய்' என்று பேர் வைத்திருக்கிறார். என்றைக்குத் திறக்கவேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டதும் அவர்தான். சுவரை மட்டும் இன்னும் பூசவில்லை.