மகளுக்கு மரபணுப் பரிசோதனை: கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் அலைந்த கதை

என் மகளின் முதல் மரபணு ரிப்போர்ட்டில் ‘நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை’ என்று போட்டிருந்தது. அத்தை அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அந்த ரிப்போர்ட் பாதிப் பரிசோதனையின் ரிப்போர்ட் என்று எங்களுக்குத் தெரிய இன்னும் பல வாரம் ஆனது, இன்னொரு முறை பணமும் ஆனது. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். கண்ணில் கட்டி என்று சொல்லப்பட்ட குழந்தையோடு எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. யாருக்காவது உதவினால் சரி.

சிகிச்சை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மகளுக்கு ஒன்றேகால் வயதில் இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரையில் வரும் புற்றுநோய். செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாக இருப்பதை நாத்தனார்தான் முதலில் பார்த்தார். இடது கண்ணை எடுத்தார்கள், வலது கண்ணைக் கீமோவும் லேசரும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. எங்கள் ஊர் விஏஓ அந்த விஷயத்தில் நல்ல மனிதர்.

கீமோ முடிந்த பிறகு கண் டாக்டர் இன்னொரு டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். குழந்தைகள் புற்றுநோய் டாக்டர்தான், ஆனால் பரம்பரையாக வரும் புற்றுநோய் ஆபத்தைத் தனியாகப் பார்ப்பவர். ‘எல்லாம் முடிந்த பிறகு இன்னும் எதற்கு ஒரு டாக்டர்’ என்று வீட்டில் பேச்சு. அப்போது நான் அடுத்ததை ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தேன். அதற்காகத்தான் அவசரம் என்று அங்கே போன பிறகு புரிந்தது.

அந்த டாக்டரம்மா ஸ்கேனையோ ஃபைலையோ முதலில் தொடவில்லை. வெள்ளைத் தாளில் சதுரமும் வட்டமும் போட ஆரம்பித்தார். சதுரம் ஆண், வட்டம் பெண், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வரைக்கும் கேட்டார். யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள், கருக்கலைந்தது உண்டா, சொந்தத்தில் கட்டியதா என்று ஒன்று விடாமல். இதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் பாதி நேரம் ஊருக்குப் போன் போடுவதிலேயே போய்விடும். கிளம்புவதற்கு முன்பே பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் செயற்கைக் கண். “சாருக்குக் கண் எப்போ போச்சு?” என்று டாக்டர் கேட்டார். ரெண்டு வயதில், களத்தில் போரடிக்கும்போது நெல் சுணை பட்டுப் போய்விட்டது என்று காலம் காலமாக வீட்டில் சொல்வதை அவர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சுணை பட்டுப் புண்ணாகிக் கண் போறது உங்க பக்கம் சகஜம்தான். ஆனா ரெண்டு வயசுக் குழந்தைக்கு? கண்ணையே எடுக்கிற அளவுக்கு? அந்தப் பழைய சீட்டு வேணும், தேடிப் பாருங்க.”

ஏன் வேண்டும் என்பதையும் அவரே பொறுமையாகச் சொன்னார். பதின்மூன்றாவது குரோமோசோமில் ஆர்பி1 என்று ஒரு மரபணு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். விழித்திரையின் ஒரே செல்லில் இரண்டுமே கெட்டால்தான் கட்டி வரும். பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் ஒன்று கெட்டுப்போயிருக்கும் குழந்தைக்கு இன்னொன்று கெட்டால் போதும், அதனால்தான் அவர்களுக்குச் சீக்கிரமாகவும் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது. ஆல்ஃபிரட் நட்ஸன் என்பவர் 1971-லேயே, மரபணுவைக் கண்ணால் பார்க்காமல், நோயாளிகளின் வயதையும் கட்டிகளின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டு இதைச் சொன்னாராம். மரபணு கையில் கிடைத்தது 1986-ல். இந்த நோய் வரும் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இது பரம்பரையாகக் கடத்தக்கூடிய வகை. இரண்டு கண்ணிலும் வந்தால் அந்த வகை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கும். அந்த மாற்றம் இருப்பவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் வயிற்றில் இருந்ததற்கும் சேர்த்துத்தான்.

இங்கே ஒன்று. நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். “சொந்தத்துல கட்டினா இப்படித்தான்” என்று துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள் அநேகம். டாக்டரிடம் நேராகக் கேட்டேன். இந்த நோய் ஆபத்துக்கு அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி வந்தாலே போதும், அதனால் சொந்தத்தில் கட்டியது இதற்குக் காரணமில்லை என்றார். ஃபான்கோனி அனீமியா என்கிற ரத்த நோய் மாதிரி அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வரவேண்டிய நோய்களில்தான் சொந்தத்துக் கல்யாணம் ஆபத்தைக் கூட்டுமாம். ஊருக்குத் திரும்பிய பிறகு இதை நான் நாலு பேரிடம் சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம் ஆரம்பித்தது சீட்டு வேட்டை. வீட்டுக்காரருக்குக் கண் எடுத்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை. ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் “ஓபி நம்பர்?” என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓபி நம்பருக்கு எங்கே போவது? வருஷமாவது சொல்லுங்க என்றார், சொன்னோம். காலையில் உட்காரவைத்து, சாப்பாட்டு நேரம் முடிந்து, ஆட்களும் மாறிய பிறகு வந்த இன்னொருவர், “அவ்வளவு பழசெல்லாம் இருக்காதும்மா, காலையிலேயே சொல்லியிருப்பாங்களே” என்றார். யாரும் சொல்லவில்லை. சட்டப்படி அவர்கள் மேல் குற்றமில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருந்தால் போதும். ஆனால் அதைச் சொல்ல ஒரு பகல் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அதே விதி வேறொரு இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. மகளின் கண்ணை எடுத்த பிறகு செய்த பயாப்சியின் முழு ரிப்போர்ட்டும் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். எங்களிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதைக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் “டாக்டர் கையெழுத்து வேணும், டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் அதே பாட்டு. நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தரவேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை போட்டுக் கேட்டேன். முத்திரை போடும் முன் அலுவலகத்தில் இருந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். மறுநாள் மதியம் போன் வந்தது, ரிப்போர்ட் தயார். லீவில் இருந்த டாக்டரின் கையெழுத்தும் அதில் இருந்தது! வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

சரி, வீட்டுக்காரரின் சீட்டு? அது வீட்டிலேயே இருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் அலைந்து திரும்பிய அன்றைக்கு ராத்திரி அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டா, பத்திரம் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பழுப்பேறிய காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் நோயின் பெயர் தெளிவாக இருந்தது. அத்தைக்கு முதலிலிருந்தே தெரியும். “பொம்பளப் புள்ளைய கட்டிக்குடுக்கணும்ல, கேன்சர்னு சொன்னா எவன் வருவான்?” என்றார். எனக்கு வந்த கோபத்தை அளவு சொல்ல முடியாது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் மகள் பிறந்த வாரத்திலேயே கண்ணைக் காட்டியிருப்போம், ஒருவேளை இரண்டு கண்ணும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் அவர் தனியாக அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கெல்லாம் போயிருப்பார் என்பதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இனி ரத்தம். மகள் களைத்திருந்ததால் ஊரிலேயே எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இதற்கு ஊதா மூடி டியூப் வேண்டும், அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ இருக்கும். எங்கள் பக்கத்து லேபில் சிவப்பு மூடி டியூபில் எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, “எல்லாம் ரத்தம்தானே” என்று பதில். ரத்தம் உறைந்துபோய்விட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு, அதுவும் கீமோ முடித்த பிள்ளைக்கு, நரம்பு தேடி மறுபடி குத்தும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். டியூபைச் சென்னை லேபிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கூரியரில் போடாதீர்கள், ஞாயிறு முழுக்க எங்காவது வெயிலில் கிடக்கும்.

ஒரு மா நிலத்துக் குறுவைச் சாகுபடியில் மிஞ்சும் பணத்தை விட அதிகம் கட்டி வாங்கிய ரிப்போர்ட்தான் நான் முதலில் சொன்னது. ஒன்றுமில்லை என்றது. டாக்டரம்மா அதைப் பார்த்த உடனே முகத்தைச் சுளித்தார். “ரெண்டு கண்ணுலயும் வந்த குழந்தை, அப்பாவுக்கும் இருந்திருக்கு. இதுல ஒண்ணுமில்லன்னா நோய் இல்லன்னு அர்த்தம் இல்லம்மா, இவங்க தேடின விதம் பத்தலன்னு அர்த்தம்.” இந்தப் பரிசோதனை மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பிடிபடும், நடுவில் ஒரு பக்கமே கிழிந்து போயிருந்தால் இதில் தெரியாமல் போகலாம், ஏனென்றால் இன்னொரு பிரதியில் அந்தப் பக்கம் நல்லபடியாக இருக்கிறதே. அப்படிப் பெரிய துண்டாக விடுபட்டதைப் பார்க்க எம்எல்பிஏ என்று தனிச் சோதனை உண்டு. அது சேர்ந்ததா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். எங்களிடம் ரத்தம் வாங்கிய இடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை, கேட்டபோது “அது வேற டெஸ்ட் மேடம்” என்றார்கள், அவ்வளவுதான்.

எம்எல்பிஏ செய்தார்கள். ஆர்பி1-ல் ஒரு துண்டு இல்லை. வீட்டுக்காரரின் ரத்தத்திலும் அதே துண்டு இல்லை. மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த வாரம் அது, நாற்றங்காலை விட்டுவிட்டு அவர் சென்னைக்கு வந்தார்.

எது இல்லை என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால் அடுத்தவருக்குப் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. பனிக்குட நீரிலேயே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பிரசவம் கும்பகோணத்தில். ஊதா மூடி டியூப், டாக்டரம்மா கையெழுத்திட்ட கடிதம், லேபின் படிவம் மூன்றையும் ஒரே கவரில் போட்டு ஒன்பதாம் மாதத்திலிருந்தே பையில் வைத்திருந்தேன். பணியில் இருந்த நர்ஸ் “இதெல்லாம் எங்களுக்குச் சொல்லலையே” என்றுதான் ஆரம்பித்தார். வலியோடு வலியாகக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, கொடியைக் கத்தரித்ததும் அவரே எடுத்து, டியூபை நாலைந்து தடவை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டி வைத்தார். அந்தம்மாவுக்குப் புண்ணியமாகப் போகும்.

ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே பையனின் கண்களைக் கண் டாக்டரிடம் காட்டினோம். இது முக்கியம், ரிப்போர்ட் தாமதமாகலாம், கட்டி தாமதிக்காது. பிறகு ரிப்போர்ட் வந்தது. துண்டு முழுசாக இருக்கிறது, பையனுக்கு அந்த மாற்றம் இல்லை. மாதாமாதம் மயக்கம் கொடுத்துக் கண் பார்க்கும் வேலை அவனுக்கு இல்லாமல் போனது. இந்த முறை தேங்காய் உடைத்தது நான்.

மகளுக்கு அது தொடரும். கண்ணோடும் முடிவதில்லை. இந்த வகைப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் எலும்பிலும் தசையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், கதிர்வீச்சு அதை இன்னும் கூட்டும். அதனால் தேவையில்லாத எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் வேண்டாம், எம்ஆர்ஐயில் முடியுமா என்று கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. வளரும் வயதில் கால் வலி வந்து, அது தீராமல் நீடித்தால் ‘ஓடியாடும் பிள்ளை’ என்று விட்டுவிடக் கூடாது. இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும், மனிதர் காதில் வாங்குவதில்லை. கதிர்வீச்சு, கால் வலி பற்றிச் சொன்னதைக் கார்டு அளவு தாளில் எழுதி லேமினேட் செய்து மகளின் ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.

ரயில் விஷயம் ஒன்று. புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட படிவத்தோடு கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் எழும்பூர்.

நாத்தனார் இத்தனை நாளும் “எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம் அண்ணி” என்று ஒதுங்கியிருந்தார். மாற்றம் இருந்தும் நோய் வராமல் இருப்பவர்களும் உண்டு, அதனால் அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் பார்ப்பது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கு இது யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க மாமனார் இல்லை, அத்தை ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டார். போன வாரம் நாத்தனாரே போன் செய்து அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னார், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. அவருக்குச் சலுகைப் படிவம் செல்லாது, அது நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும்தான். டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன், ஊதா மூடி டியூப் இரண்டும் கைவசம் இருக்கிறது.