லாக் புத்தகத்தில் ஏறாத பேச்சு

கப்பலின் உரிமையாளர் நான்தான்; ஆனாலும் சரக்கை ஏற்றும்படி நான் கேப்டனுக்கு உத்தரவிடவில்லை. கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் ஆகும் செலவையும், தாதுத்தூள் தீர்ந்துபோனால் ஆலையில் உலையைத் தணிக்க நேரும் என்பதையும் மட்டுமே தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "சார், இதை லாக் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாமா?" என்றார். (கப்பலில் நடப்பவை பதிவாகும் ஏடு அது.) "வேண்டாம், உங்கள் தகவலுக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஈரப்பதச் சோதனைக்கும் சரக்கு ஏற்றுவதற்கும் இடையே விதி அனுமதிக்கும் 7 நாள் கடக்கவில்லை என்றாலும், சோதனைக்குப் பிறகு குவியலின்மேல் கனமழை பெய்திருந்தது. ஒரு டப்பாவில் பாதியளவு தூளைப் போட்டு, 0.2 மீட்டர் உயரத்திலிருந்து மேசைமேல் 25 முறை ஓங்கித் தட்டிப் பார்த்தபோது மேலே நீர் கசிந்திருக்கிறது. அப்படிக் கசிந்தால் ஆய்வகச் சோதனை முடியாமல் ஏற்றக்கூடாது. வரம்பு மீறி ஈரமான தூள் கடலின் ஆட்டத்தில் கூழாகி ஒரு பக்கம் சரிந்தால் கப்பலே கவிழ்ந்துவிடும். (நீர் கசியாவிட்டாலும் சரக்கு பாதுகாப்பானது என்று பொருளில்லை என்பதைக் கரையில் இருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.)

நான் விமானமும் ஓட்டுபவன். ஒருமுறை வானிலை சரியில்லை என்று நான் புறப்பாட்டைக் கைவிட்டபோது, உடன் வரவிருந்த பங்குதாரர் அதனால் கைநழுவக்கூடிய ஒப்பந்தத்தின் மதிப்பை எடுத்துச் சொன்னார். பேச்சை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அவரும் உத்தரவிடவில்லை. ஆனால் அவரால் என் பிழைப்பைத் தொட முடியாது. கேப்டனின் அடுத்த பணி ஒப்பந்தமோ என் அலுவலகத்திலிருந்து போகிறது.

உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவை உரிமையாளர் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்கிறது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் 5ஆம் அத்தியாயம். செலவைத் தெரிவிப்பது கட்டுப்படுத்துவதாகுமா? ஆகாது என்றே இன்றும் நினைக்கிறேன்; செலவையே அறியாத கேப்டனை எந்த நிறுவனமும் விரும்பாது. அப்படியானால் அதை எழுத வேண்டாம் என்று ஏன் அவ்வளவு விரைவாகச் சொன்னேன் என்பதில்தான் என் வாதம் ஒவ்வொரு முறையும் வந்து முட்டிக்கொள்கிறது.

அவர் ஏற்றவில்லை. ஈரம் வரம்புக்குள்தான் இருப்பதாக ஆய்வக முடிவு வந்தது. பிறகு சரக்கு ஏறி, ஒழுங்காக வந்து சேர்ந்தது. வீண் காத்திருப்பு என்று ஆலை மேலாளர் சொன்னதை மறுத்தேன், ஆனால் அரைமனதாக. இப்போதெல்லாம் செலவுக் கணக்கைச் செயல்பாட்டு மேலாளர்தான் கேப்டன்களிடம் சொல்கிறார். அழுத்தம் குறைந்திருக்கிறதா, அல்லது வேறொருவர் குரலில் போய்ச் சேர்கிறதா என்று முதலாளியிடம் ஒளிக்காமல் சொல்லக்கூடியவர் அந்தக் கேப்டன் ஒருவர்தான். அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.